வலது விலாவின் விலை

பிராக்சியாஸின் வலது விலாவுக்கு விலை ஒன்பது ஒபோல் காசு என்று சந்தையில் தோல்காரன் சொன்னான்.

மூன்று ஒபோலுக்கு மேல் போகாத சாமான். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சண்டை என்று கட்டியக்காரன் காலையில் கூவிவிட்டுப் போயிருந்தான். மதியத்துக்குள் தோல், வெண்கலம், வெங்காயம் எல்லாம் ஏறிவிட்டன. எண்ணெய் வியாபாரி பிராக்சியாஸுக்கு அதில் வருத்தமில்லை. கட்டியக்காரன் தொண்டையைக் கனைத்த உடனேயே எண்ணெய் விலையை ஏற்றியவன் அவன். அவனுக்கு எரிச்சல் வேறொன்றில். வாங்க வேண்டிய தோல்வார் அவனுடைய கேடயத்துக்கு அல்ல, மச்சான் தெலெசோனின் கேடயத்துக்கு.

போர் வரிசையில் ஒரு முறை நின்றவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கேடயம் வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவில் உள்ள வெண்கல வளையத்தில் இடது கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்பில் இருக்கும் தோல்வாரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதில் பாதி உன் உடம்பை மறைக்கும். மீதிப் பாதி இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, உனக்கு இடப்புறம் நிற்பவனின் வலது பக்கத்தை மறைக்கும். உன் வலது பக்கம் இருக்கிறதே, ஈட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிய நிமிடம் அது அப்படியே திறந்து கிடக்கும். அதை மூட உன் வலப்புறம் நிற்பவன் மனசு வைக்க வேண்டும். பிராக்சியாஸுக்கு வலப்புறம் தெலெசோன். மகனும் மருமகனும் முதல் வரிசையில் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்று செத்துப்போன மாமனார் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்துவிட்டுப் போனது.

தெலெசோன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தலைக்கவசத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். முகம் பார்க்கலாம் போல மின்னியது. கேடயம் கோழிக்கூட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. பிராக்சியாஸ் அதைத் திருப்பிப் பார்த்தான். கைப்பிடி வார் மக்கி, நார்நாராகப் பிரிந்து, பெரிய எலி ஒன்று செத்துக் காய்ந்தது போலத் தொங்கியது.

"மச்சான், இது என்ன?"

"கேடயம் மாப்ளே. உங்க கடையில இதெல்லாம் விக்கறதில்லையோ?"

"வார் அறுந்துரும்யா. ஒரு இடி இடிச்சா கேடயம் கையில நிக்காது."

"நிக்கும், நிக்கும். போன தடவ நின்னுச்சே."

"போன தடவ சண்டையே நடக்கல. மழை வந்து ரெண்டு பக்கமும் வீட்டுக்குப் போயிட்டோம்."

தெலெசோன் துலக்குவதை நிறுத்தி, நியாயம் பேசும் ஆள் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாப்ளே, நீங்க யாவாரி. உங்களுக்குத் தெரியாத கணக்கா? தலைக்கவசம் என் தலைக்கு, அதனால என் காசுல துலக்கறேன். மார்க்கவசம் என் மாருக்கு, அதுவும் என் காசு. கேடயத்துல வெளிய நீட்டிட்டு இருக்கற பாதி யாருக்கு? உங்களுக்கு. தூக்கிச் சுமக்கற கூலிகூட நான் கேக்கல."

"அப்படிப் பாத்தா என் கேடயத்துல பாதி எனக்கு இடப்பக்கம் நிக்கற லாமிஸுக்கு. அவன்கிட்ட நான் காசு கேட்டேனா?"

"கேட்டிருக்கணும் மாப்ளே," என்றான் தெலெசோன், உண்மையான அக்கறையோடு.

பிராக்சியாஸ் வீட்டுக்கு வந்து மனைவி லிசில்லாவிடம் கத்தினான். அவள் தெலெசோனின் தங்கை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணன் எப்பவும் அப்படித்தான். ஒன்பது ஒபோல்தானே, குடுத்துத் தொலைங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எண்ணெய்க் கடையையும் அண்ணன்தான் பாத்துப்பாரு. அது பரவாயில்லையா?"

இதைவிட வலுவான வாதத்தைப் பிராக்சியாஸ் எந்த ஊர்ச் சபையிலும் கேட்டதில்லை. மறுபடி நடந்து போய் ஒன்பது ஒபோலைத் தெலெசோனின் உள்ளங்கையில் எண்ணி வைத்தான். "வார் மச்சான். தோல்வார். புதுசா."

"சொல்லணுமா?" என்றான் தெலெசோன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும், பார்லி வயலில் எட்டு ஆள் ஆழத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். எதிரே, வயலின் மறுகோடியில், அந்த ஊர்க்காரர்களின் வெண்கலம் லேசாக மின்னியது. முன்னால் குறி பார்ப்பவர் ஆட்டை அறுத்து ஈரலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், இன்னோர் ஆடு கொண்டுவரச் சொன்னார்.

பிராக்சியாஸின் வலப்பக்கத்து இடம் காலியாக இருந்தது. கடைசியில் தெலெசோன் வந்து நின்றான். அவன் தலைக்கவசத்தின் மேல் ஒரு புதுக் குதிரைமயிர்க் கொண்டை. மாதுளம்பூச் சிவப்பு. நெற்றியிலிருந்து பிடரி வரை சேவல் போல நிமிர்ந்து நின்றது.

பிராக்சியாஸ் அதைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் குனிந்து கேடயத்தின் உள்பக்கத்தைப் பார்த்தான். அதே எலி.

"மச்சான்."

"எப்படி இருக்கு?"

"என் ஒன்பது ஒபோல் உன் தலைமேல நிக்குதா?"

"யோசிச்சுப் பாத்தேன் மாப்ளே. எதிரி முதல்ல எதைப் பாப்பான்? தலையை. தலையைப் பாத்து அவன் பயந்துட்டா, அப்புறம் கேடயத்துக்கு என்ன வேலை? உங்க காசு வேரிலேயே வேலை செய்யுது."

இரண்டாம் வரிசையில், பிராக்சியாஸுக்கு நேர் பின்னால் நின்ற ஆட்டுக்கார ஆந்திரோன் களுக்கென்று சிரித்தான். "எண்ணெய்க்காரரே, சேவல் வாங்கிட்டீங்க. முட்டை போடுமான்னு பாருங்க."

பிராக்சியாஸ் வரிசையை விட்டு விலகி ஓடி, படைத்தலைவரைப் பிடித்தான். "ஐயா, என்னை வேற எங்கயாவது நிக்க வைங்க. பின் வரிசைன்னாலும் சரி."

"முதல் வரிசை வேண்டாங்கறியா?" தலைவர் குரலை உயர்த்தினார். ஐம்பது தலை திரும்பியது.

"அப்படிச் சொல்லலீங்க."

"அப்ப உன் இடத்துக்குப் போ."

திரும்பி வந்தவன் வெறுப்பில் மச்சானின் கேடயத்து வாரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது.

"பாத்தியா!" என்றான் பிராக்சியாஸ்.

"நீங்க இழுத்தீங்க மாப்ளே. எல்லாரும் பாத்தாங்க. இப்ப யார் பொறுப்பு?"

குறி பார்ப்பவர் மூன்றாவது ஆட்டைப் பிடித்தார். பிராக்சியாஸ் சுற்றும்முற்றும் பார்த்தான். செருப்பு வாரைக் கழற்றலாம். ஆனால் அப்புறம் அறுத்த பார்லித் தட்டையில் வெறுங்காலோடு நெருக்கித் தள்ள வேண்டும். இடுப்புவாரில் வாள் தொங்குகிறது. மிஞ்சியது கையில் இருந்த ஈட்டி. ஆளைவிட ஒன்றரை மடங்கு நீளம். முன்னால் இரும்பு முனை, அடியில் வெண்கலக் கூர், நடுவில் சற்றுப் பின்தள்ளி, எடை சமனாக நிற்கும் இடத்தில், கை வழுக்காமலிருக்க நெருக்கமாகச் சுற்றிய தோல். போன வருடம் அவனே பார்த்துப் பார்த்துச் சுற்றியது. பசுந்தோல், எண்ணெயில் ஊறவைத்து, முடிச்சே தெரியாமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு அதை அவிழ்த்தான். முறுக்கி மூன்று புரியாக்கி, கேடயத்து விளிம்பின் வளையங்களில் கோத்து, மண்டியிட்டுப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். தெலெசோன் கையை நீட்டிக்கொண்டு, செருப்பு மாட்டிவிடும் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"இருக்கட்டும்யா."

"இல்ல, விரல் மரத்துப்போகும்..."

"மரத்துப் போகட்டும்யா!"

மூன்றாவது ஆட்டின் ஈரல் நல்ல வார்த்தை சொன்னது. குழல் ஊதினார்கள். போர்ப்பாட்டைத் தொடங்கினார்கள். ஈட்டிகள் தோளுக்கு மேல் ஏறின. வரிசை நடக்கத் தொடங்கியது.

பிராக்சியாஸுக்கு அந்த முடிச்சின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கினான், மச்சானின் கேடயத்துக்குள் இன்னும் கொஞ்சம் புகுந்துகொள்ள.

"மேல விழாதீங்க மாப்ளே!"

"விழலையே."

"தோளை இடிச்சுக்கிட்டு விழலையாமே!" தெலெசோன் தன் வலப்பக்கத்து ஆள்மேல் சாய்ந்தான். அவன் அதற்கு வலப்பக்கம் சாய்ந்தான். இடப்பக்கத்திலிருந்து லாமிஸ் கத்தினான்.

"எண்ணெய்க்காரரே, எங்க போறீங்க? எனக்கு இந்தப் பக்கம் காத்து அடிக்குது! நில்லுங்க!" என்றவன் நிற்கவில்லை, அவனும் வலப்பக்கம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டான். மொத்தப் படையும் எதிரியை நோக்கி நேராகப் போகாமல், நண்டு மாதிரி சாய்வாகப் போனது. வலது கோடியில் நின்றவர்கள் யாரோ ஒருவருடைய திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கி, கொடிகளில் கால் சிக்கித் திட்டுவது கேட்டது. எதிரிகளும் அவரவர் வலப்பக்கத்துக்கே சாய்ந்து வந்தார்கள். அங்கேயும் ஒரு தெலெசோன் இருந்திருப்பான்.

பிறகு மோதல். ஆயிரம் அண்டாக்களை ஒரே நேரத்தில் படியில் உருட்டிய சத்தம். முகத்துக்கு முன்னால் ஒரு கேடயம், அதன் மேல் இரண்டு கண், ஒரு தாடி. பின்னாலிருந்து ஆந்திரோன் கேடயத்தை முதுகில் வைத்து நெருக்கினான். பிராக்சியாஸ் ஈட்டியை மேலிருந்து கீழாகக் குத்தினான். முனை எதிரியின் கேடய விளிம்பில் பட்டு நழுவியது. இழுத்து மறுபடி குத்தினான்.

கை வியர்த்திருந்தது. மூன்றாவது குத்தில் கை வெறும் மரத்தில் வழுக்கியது. எதிரியின் கேடயம் முன்முனையைத் தட்டிவிட, ஈட்டி அவன் உள்ளங்கைக்குள் பின்னோக்கி ஓடியது. அடியில் இருந்த வெண்கலக் கூர் போய் எதிலோ இடித்தது.

"அடப்பாவி!" என்று பின்னால் ஆந்திரோன் அலறினான். "என் பல்லு! யார் பக்கம்யா நீ?"

"வழுக்கிருச்சுண்ணே!"

"தோல் சுத்தறதுக்கு என்னய்யா கேடு?"

பதில் சொல்ல நேரமில்லை. ஈட்டி கையிலிருந்து கழன்று கால்களுக்கு இடையில் எங்கோ போய்விட்டது. பிராக்சியாஸ் வாளை உருவ வலது கையை இடப்பக்கத்து இடுப்புக்குக் கொண்டுபோனான். அந்தத் தாடிக்காரன் அதைப் பார்த்துவிட்டான். அவனும் எங்காவது வியாபாரம் செய்பவனாகத்தான் இருக்க வேண்டும். திறந்து கிடப்பது எது என்று உடனே தெரிந்துகொண்டான். அவனுடைய ஈட்டி நேராக வலது விலாவுக்கு வந்தது.

பிராக்சியாஸுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. எண்ணெய்க் கடை மச்சானுக்கு.

டமார் என்று ஒரு சத்தம். ஈட்டி நின்றுவிட்டது. தெலெசோனின் கேடயத்தைத் துளைத்துக்கொண்டு வந்த இரும்பு முனை, பிராக்சியாஸின் விலாவுக்கு ஒரு விரல்கடை தள்ளி, உள்ளே எட்டிப் பார்ப்பது போல நின்றது. அந்த இடியில் கேடயம் ஒரு முழம் பின்னால் அதிர்ந்தது. ஆனால் தெலெசோனின் கையை விட்டுப் போகவில்லை. முடிச்சு தாங்கியது. விரல் மரத்துப்போய் நீலமாகியிருந்தது. அவன் விட நினைத்தாலும் விட்டிருக்க முடியாது.

தாடிக்காரன் ஈட்டியை உருவ முடியாமல் அதை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். போகிற போக்கில் அவன் பக்கத்து ஆள் ஒரு வீச்சு வீச, தெலெசோனின் சிவப்புக் கொண்டை அப்படியே பெயர்ந்து பார்லித் தட்டையில் விழுந்தது. ஆந்திரோன், வாயில் ரத்தத்தோடு, அதன் மேலேயே மிதித்துக்கொண்டு முன்னேறினான்.

நடுப்பகலுக்குள் முடிந்துவிட்டது. இவர்களின் வலது கோடி அவர்களுடைய இடது கோடியைத் துரத்தியது. அவர்களுடைய வலது கோடி இவர்களுடைய இடது கோடியைத் துரத்தியது. இரண்டு ஊரும் ஜெயித்ததாகச் சொல்லி, வயலின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு வெற்றிக்கம்பம் நட்டார்கள். தூதர்கள் வந்து போனார்கள், அவரவர் பிணங்களை எடுத்துக்கொண்டார்கள். லாமிஸ் பிழைத்திருந்தான். ஆந்திரோனுக்கு முன்பல் ஒன்று போயிருந்தது.

ஒலிவ மர நிழலில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்த தெலெசோனின் எதிரே பிராக்சியாஸ் போய் உட்கார்ந்தான். விலாவை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மச்சான், உசிரோட இருக்கேன். சந்தோஷம். என் ஒன்பது ஒபோலை எப்பத் தரப்போறே?"

தெலெசோன் வெங்காயத்தைக் கீழே வைத்தான். கேடயத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். ஓட்டை வழியாக வெயில் விழுந்து பிராக்சியாஸின் மடியில் காசு மாதிரி வட்டமாக நின்றது.

"இந்தக் குத்து யாருக்கு வந்தது மாப்ளே?"

பிராக்சியாஸ் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தான்.

"உங்களுக்கு வந்தது. என் கேடயத்துல விழுந்திருக்கு. ஓட்டை அடைக்க பன்னெண்டு ஒபோல் கேப்பான் கொல்லன். ஒன்பது நான் தரணும். பன்னெண்டுல ஒன்பது போக?"

"கொண்டை?"

"கொண்டையும் செத்துப்போச்சு. அதுக்கு நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலையே. குடும்பம்."

"என் தோலு? அந்தக் கைப்பிடி என் ஈட்டியில இருந்தது!"

"வேணும்னா கழட்டிக்கோங்க."

பிராக்சியாஸ் கேடயத்தை மடியில் இழுத்துப் போட்டு முடிச்சைப் பிடித்தான். வியர்வையிலும் ரத்தத்திலும் ஊறி வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் இழுத்தான், பல்லால் இழுத்தான். அவனே போட்ட முடிச்சு. அசையவில்லை.

"எனக்கு ஒரு பல்லு," என்று மரத்துக்குப் பின்னாலிருந்து ஆந்திரோன் காற்றுப் போகும் குரலில் சொன்னான். "அதையும் எண்ணெய்க்காரர் கணக்குலயே சேத்துக்கோங்க."

பிராக்சியாஸ் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். கழித்துப் பார்த்தான். சந்தையில் இருபது வருடம் தராசு பிடித்த கணக்கு. தப்பாக வர வழியில்லை. வந்தது, வலது விலா ஒன்று. போனது, ஈட்டி ஒன்று, அதன் தோல், ஒன்பது ஒபோல். ஆந்திரோனுக்குத் தர வேண்டியது, பல் ஒன்று, விலை பேசவில்லை. மச்சானுக்குத் தர வேண்டியது, மூன்று ஒபோல்.