அக்காவின் விரல் அளவு

1

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கையும், அவளோடு எட்டு வருஷம் வாழ்ந்தவரும், வேறொரு நாட்டில், ஓர் ஏரியில், சுற்றுலாப் படகில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் இங்கே அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். படகில் நடந்ததைத் தங்கை பிறகு மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொன்னாள். மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் அங்கங்கே தெரியும்.

"இதைக் கொண்டுபோய் எழுதிடாதக்கா," என்றும் சொன்னாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

ஏரி அன்று அசையாமல் கிடந்தது. தூரத்து மலைகளின் மேல்

நிறுத்திவிட்டேன். நான் பார்க்காத ஏரி, நான் பார்க்காத மலை. எல்லாக் கதைகளிலும் ஏரி அசையாமல்தான் கிடக்கிறது.

இரண்டாவது வரைவு:

அவர் மண்டியிட்டபோது படகு லேசாக ஒரு பக்கம் சரிந்தது.

இது உண்மையிலேயே நடந்தது. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இதைக் காதல் கதை என்று நினைத்து வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். பிறகு உங்களை எழுப்புவது எனக்குக் கஷ்டம்.

ஆகவே என் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

3

அவர் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது சின்னவர். 'அவன்' என்று எழுதினால் கூடப்பிறந்தவன் மாதிரி ஆகிவிடுகிறது; 'அவர்' என்று எழுதினால் தங்கையின் கணவர் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மகளோடு ஒரே வீட்டில் இருப்பவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று அப்பாவுக்குத் தெரியாமல், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், "லிஃப்ட்காரர் வரலையா?" என்று கொஞ்சம் குத்தலாகக் கேட்பார். நான் 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் நாலைந்து சொற்கள் மிஞ்சின. அதற்கு அடுத்த ஞாயிறே ஒன்பது மணிக்கு அவர் வந்து நின்றார். அதற்குப் பிறகு, அந்த ஏரிப் பயணம் வரை, ஒரு ஞாயிறும் தவறியதில்லை. தங்கை வந்தாலும் வருவார், வராவிட்டாலும் வருவார். அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்து, குளிப்பாட்டி, துவட்டி, ஜன்னல் பக்கம் கொண்டுவந்து முகச்சவரம் செய்துவிடுவார். அப்பா கனத்த உடம்புக்காரர். நான் ஒருத்தியாகத் தூக்கப் பார்த்து ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்திருக்கிறோம்.

"பலத்தால தூக்கக் கூடாதுக்கா," என்பார். "லிஃப்ட்டே அப்படித்தான். எதிர்ப்பக்கம் ஒரு எடை இறங்கும், இந்தப் பக்கம் ஆள் ஏறுவாங்க. நம்ம உடம்பைப் பின்னால சாய்ச்சா அவர் தானா எழுந்திருப்பார்."

நான் சாய்த்துப் பார்த்தேன். அப்பா எழவில்லை.

அந்த ஞாயிறு சவரம் முடிந்து கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, வேலைப் பையிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்தார். கம்பித் தடிமன் அளக்கிற கருவி.

"அக்கா, ஒரு உதவி. அவகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க மோதிரத்தைக் கொஞ்சம் கழட்டித் தரீங்களா? அவ மோதிரமே போடறதில்ல, அளவு தெரியல. உங்க ரெண்டு பேர் கையும் ஒரே மாதிரிதானே?"

அம்மா விட்டுப்போன மோதிரம் அது. கழற்றிக் கொடுத்தேன். உள்வட்டத்தை மூன்று முறை அளந்தார். "பதினாறு புள்ளி எட்டு," என்று மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"எட்டு வருஷமா கேக்காமலே இருந்துட்டேன்," என்றார். "அவளுக்கு அதெல்லாம் வேணாமோன்னு நானே நினைச்சுக்கிட்டேன். அந்த ஊர்ல ஏரியில படகு விடறாங்களாம். அங்க வச்சுக் கேக்கலாம்னு இருக்கேன்."

நான் மோதிரத்தைத் திரும்ப விரலில் போட்டுக்கொண்டு, "நல்லா கேளுங்க," என்றேன்.

4

அதற்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, என் தங்கை சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் சொல்லியிருந்தாள்: "ஊர் சுத்திட்டு வந்ததும் அவர்கிட்ட சொல்லிடப்போறேன்க்கா. தனியா போயிடறேன்."

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்லுக்கு உறை செய்வது, பல் செட் கட்டுவது. விரல் இடுக்கில் எப்போதும் மெழுகும் பிளாஸ்டரும் இருக்கும். மோதிரம் போடாததற்கு அதுதான் காரணம். ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்றால் வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

(இங்கே ஒரு காரணம் தேவைப்படுகிறது. ஒரு வரைவில் அவளுக்கு வேறொருவர் மேல் விருப்பம் என்று எழுதினேன். இன்னொன்றில் அவரைக் குடிக்கவைத்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். நாலு வருஷம் என் அப்பாவைக் குளிப்பாட்டியவர் கையில், கதைக்காகக்கூட, ஒரு பாட்டிலைக் கொடுக்க மனசு வரவில்லை.)

நான் காரணம் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்:

"போன மாசம் ஒரு நாள் வேலையிலிருந்து அவர் வரவே இல்ல. போனும் எடுக்கல. லிஃப்ட் குழிக்குள்ள ஏதாவது ஆயிடுச்சோன்னு நினைச்சேன். எனக்குப் பயமே வரலக்கா. அப்படி ஏதாவது ஆயிட்டா எந்தப் பக்கம் வீடு பாக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு அவர் வந்து சாவி போடற சத்தம் கேட்டுச்சு." சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். "அப்படி ஒரு மனுஷிகூட அவர் எதுக்கு இருக்கணும்?"

"இப்பவே சொல்லிடேன்."

"டிக்கெட் எடுத்தாச்சு. ரெண்டு வருஷமா லீவ் சேத்து வச்சிருக்கார். அதைக் கெடுக்க வேணாம். நீயும் வாயத் திறந்துடாத."

5

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றை மீறாமல் இன்னொன்றைக் காப்பாற்ற முடியாது என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டையுமே காப்பாற்றலாம். அதைத்தான் செய்தேன்.

மோதிரத்தைப் பார்த்தால் அவள் மனசு மாறிவிடும் என்று நம்பினேன் என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. உண்மை அதைவிடக் குட்டையானது. எனக்கு அவர் வேண்டியிருந்தார்.

(இந்த இடத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அது இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அவருடைய இரண்டு தோள்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை.)

அவர் கேட்டால் ஒருவேளை அவள் சரி என்றுவிடுவாள். சரி என்றுவிட்டால் அவர் வந்துகொண்டே இருப்பார். மூன்று வாரம் நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் மூன்று ஞாயிறு. மூன்று முறையும் அவர் அப்பாவின் தாடையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுரைக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

6

படகு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது பேர் இருந்தார்கள். வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னாள். மொழி புரியாததால் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று தங்கை நினைத்தாள். ஆனால் நாற்பது பேரும் திரும்பி அவளையே பார்த்தார்கள். முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டாள். அதற்குள் அவர் எழுந்து நின்றார். பிறகு கஷ்டப்பட்டு மண்டியிட்டார். வருஷக்கணக்காகக் குழியில் குந்தி வேலை பார்த்ததில் அவருக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. இடது முழங்காலை ஊன்றியதில்தான் படகு சரிந்தது.

நிறையத் தயார் பண்ணி வைத்திருந்தாராம். எல்லாம் மறந்துபோய், "பண்ணிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. கரைக்கு இன்னும் இருபது நிமிஷம்.

"ம்," என்றாள்.

நம் மொழியில் அதற்குச் சரி என்று அர்த்தம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தம். மேலே சொல், அப்புறம் பார்க்கலாம், என்னை விட்டுவிடு என்றும் அர்த்தம். படகில் இருந்தவர்களுக்கு அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. கைதட்டினார்கள். யாரோ ஒரு அம்மாள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மோதிரம் விரலில் ஏறி, தானாகவே நழுவிக் கணுவுக்கு வந்து நின்றது.

அன்று சாயங்காலம் விடுதிக் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

"மோதிரம் லூசா இருக்கு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன் விரல் அளவு. போட்டதுமே தெரிஞ்சுடுச்சு. எப்ப வந்து கேட்டார்?"

"நீ சொன்னதுக்கு அப்புறம்தான். சொல்லக் கூடாதுன்னார்."

"நானும்தானே சொல்லக் கூடாதுன்னேன்."

தண்ணீரை இன்னும் கூட்டித் திறந்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் நல்லவளா இருந்துட்ட," என்றாள். வைத்துவிட்டாள்.

7

இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. விடுதி வரவேற்பில் இருந்தவர்களிடம், பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்களிடமெல்லாம் அவர் சொல்லிவிட்டார். தெரியாத மொழியில், மோதிரத்தைக் காட்டிக் காட்டி. அது கழன்று விழாமலிருக்க அவள் உள்பக்கம் நூல் சுற்றிக்கொண்டாள்.

நாலாவது நாள் மழை. எங்கும் போக முடியாமல், தெருமுனையில் இருந்த தானியங்கிச் சலவைக் கடைக்கு அழுக்குத் துணியை எடுத்துப் போனார்கள். நீளமான பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள். சுற்றிக்கொண்டிருக்கும் துணியைப் பார்த்தபடியே சொன்னாளாம்.

"எப்ப முடிவு பண்ணே?" என்றார்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே."

"படகுல சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க எழுந்திருக்கவே ஒருத்தர் கை குடுத்தார்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். இன்னும் ஏதோ கேட்டாராம், இவள் பதில் சொன்னாளாம். முதல் இரண்டு தடவையும் இந்த இடத்தை அவள் தாண்டிப் போய்விட்டாள்.

துணி காய்ந்து வந்ததும் மடிக்கத்தானே வேண்டும். இருவரும் மடித்தார்கள். அவர் தன் சட்டைகளை ஒரு அடுக்காகவும் அவளுடையவற்றை ஒரு அடுக்காகவும் வைத்தார். கொண்டுபோனது ஒரே பெட்டி. இரண்டு அடுக்கும் அதில்தான் திரும்பி வந்தது.

8

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், விமானத்தில் அவர் தூங்கிப்போக, அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து மனசு

இல்லை. அவர் தூங்கவில்லை என்று அவளே சொன்னாள்.

இன்னொன்றில் அவள் சலவைக் கடையில் ஒன்றுமே சொல்லவில்லை. ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். மோதிரத்தைச் சின்னதாக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்கின்றன. இதை மட்டும் நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், ஒரு திருத்தம் இல்லாமல். படித்துப் பார்த்ததும் கிழித்துப் போட்டேன்.

நடந்தது என்னவென்றால், அவர்கள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார்கள். தங்கை, தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் அறைக்குப் போய்விட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவை எப்படிக் குளிப்பாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது.

அவர்தான். வழக்கம்போல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்பாவைத் தூக்கினார், குளிப்பாட்டினார், ஜன்னல் பக்கம் உட்காரவைத்துச் சவரம் செய்தார். அன்றைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால்கூட ஈரத்துணியால் துடைத்துவிட்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்தார், தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"அக்கா, நான் அளவெடுக்க வந்தேனே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மேலே போக வேண்டிய லிஃப்ட் ஏன் நின்றுவிட்டது என்று கதவு திறந்து பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"சரிக்கா," என்றார். படியிறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் தங்கை மூன்றாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். சலவைக் கடையில் அவர் கேட்ட கேள்வி, "இது வேற யாருக்காவது தெரியுமா?" அவள் சொன்ன பதில், "அக்காவுக்கு மட்டும் தெரியும்."

"முன்னாடியே எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவரே உன்கிட்ட கேப்பார்னு தெரியும்," என்றாள். "நீ என்ன சொல்லுவேன்னு அவருக்குப் பாக்கணும்னு இருந்திருக்கும்."

9

அவர் வராமல் ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. கூலிக்கு ஒருவர் வந்து அப்பாவைத் தூக்குகிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் கத்தியை எடுத்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெள்ளைத் தாடி வளர்ந்துவிட்டது. "எங்க?" என்கிறார். மிஞ்சிய நாலைந்து சொற்களில் அது ஒன்று. "வேலை ஜாஸ்தியாம்ப்பா," என்கிறேன்.

போன் செய்து சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு முறை எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறேனா, ஞாயிற்றுக்கிழமைக்காகக் கூப்பிடுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காகிதத்தில் அவரை இன்னொரு முறை வாசலில் நிற்கவைத்து, அதே கேள்வியைக் கேட்கவைக்கலாம். கேட்கவைத்தேன். என் பதிலையும் மாற்றினேன். அது சுலபமாக இருந்தது, ஒரே ஒரு சொல். அதற்கு அடுத்த வரி அவருடையது. அதுதான் வரவில்லை. எட்டு வருஷமாக அவர் பேசக் கேட்டிருக்கிறேன்; அப்பாவிடம் எப்படிப் பேசுவார், கடைக்காரரிடம் எப்படிப் பேசுவார் என்று எழுதிவிடுவேன். இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. நான் எழுதுகிற எதுவும் எனக்குச் சாதகமாகவே வந்து நிற்கிறது.

நீங்கள் அவரைச் சில பக்கங்களாகத்தான் அறிவீர்கள். உங்களுக்கு அவரிடமிருந்து ஒன்றும் ஆக வேண்டியதில்லை. நீங்கள் எழுதினால் சரியாக வரலாம்.

"அக்கா, நான் அளவெடுக்க வந்தேனே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அவர் வேலைப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: