வெயில் ஏறிய பிறகு எடுத்த தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் குடிநீர் அலுவலகத்து மர பெஞ்சு. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை அடிக்கிறது என்று புகார் கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்து அறையில் தண்ணீர்ப் பரிசோதகி ஒருத்தி, அணையில் மிதவைக் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் தன் தம்பியோடு அன்று காலை நடந்ததை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. என் காது சாத்தியிருக்கவில்லை. விட்டுப்போனதை நானே நிரப்பிக்கொண்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: "ஒரு நாள் அணை மீன்களெல்லாம் ஒன்றுகூடி, மூச்சு முட்டுகிறது என்று அதிகாரிக்கு ஒரு மனு எழுத, கெண்டைதான் கையெழுத்து அழகாக"

[வேண்டாம். ஆயுள் முழுக்கப் புளுகியவன் சொல்கிறேன்: நடந்தது இதைவிடப் பெரிய புளுகுபோல இருக்கிறது. உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். நம்பாவிட்டால் பழி என்மேல் இல்லை.]

2

அக்காவுக்கு மாதம் ஒருமுறை அணைக்குப் போய், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து படிவத்தில் எழுதும் வேலை. படகு தம்பியுடையது. "வெயில் ஏறட்டும்க்கா, சாப்பிட்டு நிதானமா வா" என்பான். அவளும் சாப்பிட்டு நிதானமாகப் போவாள். மணி பதினொன்று ஆகும். கருவி ஒன்பது காட்டும். 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஏழு வருடம் இப்படியே. படிவத்தில் தேதிக்குக் கட்டம் உண்டு, நேரத்துக்குக் கிடையாது.

(கதைக்கு நடுவே பாடம் எடுப்பது பாவம்தான். ஆனாலும் கேளுங்கள்: மீன் தின்று மிஞ்சிய தீவனமும் அதன் கழிவும் தண்ணீருக்கு உரம். அந்த உரத்தில் பாசி கொழுக்கும். பகலில் பாசி ஆக்சிஜனை வாரி வாரிக் கொடுக்கும். பொழுது சாய்ந்ததும் கொடுத்ததையெல்லாம் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும். என் மாமனார் இந்த ரகம்.)

இந்த மாதப் படிவத்துக்கு மட்டும் மரியாதை அதிகம். 'நன்று' வந்தால் தம்பிக்கு இன்னும் நாற்பது கூண்டுக்கு அனுமதி. வராவிட்டால் இருக்கிற நாற்பதுக்கும் ஆபத்து.

3

அன்றைக்கு மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதனால் அக்கா விடியற்காலையிலேயே வந்து நின்றாள்.

"இந்நேரத்துக்கு எதுக்குக்கா? தண்ணியே இன்னும் முழிக்கலை."

"நீ முழிச்சிட்டேல்ல, போதும். படகை எடு."

கூண்டுகளை நெருங்கும்போது மழைச் சத்தம் கேட்டது. அவள் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு துளி விழவில்லை. வானத்தில் மேகமே இல்லை. தம்பி மோட்டாரை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. கீழே பார்த்தாள்.

வாய்கள்.

கூண்டுக்குள், கூண்டுக்கு வெளியே, கரை வரைக்கும், தண்ணீர் முழுக்க வட்ட வட்டமாய் வாய்கள். யாரும் வளர்க்காத மீன்கள், அணை கட்டிய நாளிலிருந்து யார் கண்ணிலும் படாத ஆழத்துக் கிழங்கள், எல்லாம் மேலே வந்து மூக்கு நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம்தான் மழையாகக் கேட்டது. ஊருக்கே குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற அணை, ஒரு வாய்க் காற்றுக்கு ஏங்கி நிற்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, பக்தியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். எழுதும்போதே என் மூச்சை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

கருவியை இறக்கினாள். ஒன்று புள்ளி ஆறு.

4

[இங்கே தம்பியை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். மீசைகூட வைத்துவிட்டேன். பிறகு அவன் பேசினான், மீசையை எடுத்துவிட்டேன்.]

"எத்தனை நாளாடா இப்படி?"

"ரெண்டு வருஷமா, அப்பப்போ. வெயில் வந்தா உள்ள போயிடும்க்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீதானே மாசாமாசம் நன்று, நன்றுன்னு கையெழுத்துப் போட்டே? படிச்சவ நீ. நான் பார்த்ததுதான் தப்புன்னு நினைச்சேன்."

அவன் தன் கண்ணை நம்பாமல் அவள் காகிதத்தை நம்பியிருக்கிறான். அவளோ காகிதத்தில் இல்லாத நேரத்தைப் பற்றி நினைத்ததே இல்லை. ஏழு வருடம், ஒரே அணை, ஒரே படகு, பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

அவனே சொன்னான்: "பதினோரு மணி வரைக்கும் இரேன்க்கா. ஒம்போது காட்டும். அதுவும் உண்மைதானே?"

5

உண்மைதான். அதனால்தான் முடிவு எழுத வரவில்லை.

ஒன்று: அவள் காத்திருந்து ஒன்பது என்று எழுதினாள். கூண்டுகள் எண்பதாயின. ஒரு நாள் விடிகாலையில் மழை பெய்ய [முடியவில்லை. அந்த வாய்களைப் பார்த்தவள் இதை எழுதமாட்டாள் என்று கை சொல்கிறது.]

இரண்டு: ஒன்று புள்ளி ஆறு என்று எழுதினாள். தம்பி கூண்டுகளைப் பிரித்துக் கரையில் குவித்துவிட்டு, அக்கா வீட்டு விசேஷத்துக்கு [இதையும் என்னால் எழுத முடியவில்லை. அவனை எனக்குப் பிடித்துவிட்டது.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அக்கா படிவத்தை மடிமேல் விரித்தாள்.

"நேரத்தை எங்கடா எழுதறது? கட்டமே இல்லையே."

"ஓரத்துல எழுதேன், எவன் வேண்டாங்கப் போறான்?" என்றான் தம்பி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது: நேரம் ஏறிவிட்டால் பதினோரு மணி ஒன்பதுக்குப் பின்னால் இனி ஒளிய முடியாது. காற்று கிளம்பியிருந்தது, படகு ஆடியது, பேனா முனை தாளில் நிற்கவில்லை. அவன் குனிந்து, தன் கூண்டின் மிதவைக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, அவள் எழுதி முடிக்கும்வரை படகை ஆடாமல் நிறுத்தினான்.

என்ன நேரம் எழுதினாள், என்ன எண் போட்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.