ஓர் ஆக்சிஜன் அணு

பேராசிரியர் தணிகாசலம் தன் ஆய்வகத்துக்குள் கால் வைத்து மூன்று வருடமாகியிருந்தது. அங்கே புழங்கும் ஐசோசயனைடு சேர்மங்களின் நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா, எதுனா தேறுமா?" என்று கேட்பதுதான் அவருடைய வழிகாட்டல். விழாக்களில் யாராவது பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்றழைத்தால் மட்டும் முகம் மலரும்.

உள்ளே வேலை செய்தவள் ஆராய்ச்சி மாணவி ஹேமலதா. நாற்றத்துக்குப் பயந்து பலரும் தொடாத அந்தச் சேர்மங்களை வைத்துப் புது வினை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மாலையில் பிள்ளைச்சாவடி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார்.

2006 மழைக்காலத்தில் வினை நடந்தது. உலர்ந்த கரைப்பானில் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஈரம் ஏறிய பழைய பாட்டிலிலிருந்து ஊற்றிய அன்று நடந்தது. காரணம் தண்ணீர்தான் என்று பதினான்கு முறை செய்து உறுதிப்படுத்தினாள்.

தணிகாசலம் முடிவுகளை மட்டும் வாங்கிக்கொண்டார். செய்முறை நோட்டைக் கேட்கவில்லை. சில மாதங்களில் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது. அடுத்தது அவர் மச்சான் மகன் விஜயராகவன், குடுவை கழுவக்கூடத் தெரியாதவன். ஹேமலதாவுக்குக் கடைசி வரியில் ஒரு நன்றி. செய்முறையில், பெரிய ஆய்வகங்கள் எழுதுவதுபோல இருக்கட்டும் என்று 'நன்கு உலர்த்திய கரைப்பான்' என அவராகவே சேர்த்திருந்தார்.

பிரான்சிலிருந்து ஓர் ஆய்வுக்குழு எழுதியது: ஐந்து முறை செய்தோம், எதுவும் உருவாகவில்லை.

அன்று, இத்தனை வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக அவர் உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்ணே நீ? அவனுங்களுக்கு வரலியாம்."

"தண்ணி ஊத்தினேன் சார். கடைசியா வர்ற பொருள்ல ஒரு ஆக்சிஜன் அதிகமா இருக்குது. அது எங்கேர்ந்து வந்துச்சின்னு நீங்க கேக்கவே இல்லியே. பி.எஸ்சி. புள்ளைங்க கேக்கும்."

"நான் கையெழுத்து போடலன்னா உன் பட்டம் என்னாவும் தெரியுமா?"

"தெரியும் சார். உங்களுக்கு மொத்தமா தெரிஞ்ச கெமிஸ்ட்ரி அது ஒண்ணுதான்."

அவருக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்த முகமாக அது தோன்றவில்லை.

மதியமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நோட்டின் பக்கங்களை அந்தக் குழுவுக்கு அனுப்பினாள். ஒரே வாரத்தில் அவர்களுக்கும் வினை நடந்தது. கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு அவர்கள் எழுத, திருத்தம் வெளியானது. அதில் ஹேமலதாவின் பெயர் முதலில் இருந்தது.

தணிகாசலம் அவள் ஆய்வேட்டை ஒன்றரை வருடம் மேசையில் போட்டு வைத்தார். திங்கட்கிழமைதோறும் போய்க் கேட்டாள். அச்சில் அவள் பெயர் முதலில் இருக்க, வேறு வழியில்லாமல் கடைசியில் கையெழுத்திட்டார். வாய்மொழித் தேர்வன்று, "என் மாணவி..." என்று அவர் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை காத்திராமல் ஹேமலதா முதல் படத்தைத் திரையில் போட்டாள்.