நடுவில் நிற்காத குரல்

அவள் பல் டாக்டர். பகலெல்லாம் டிரில்லின் கீச்சுச் சத்தத்தில் கிடந்துவிட்டு வீடு திரும்பினால், பாட்டுப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் தலைபாரம் இறங்கும். வருஷக்கணக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் மனசுக்குப் பிடித்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினாள்.

பாட்டு விஷயத்தில் பெரியம்மா மகன் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. குடும்பத்தில் அவனுக்குப் பெயர் ‘சுருதி’. யார் பாடினாலும் எந்த இடத்தில் பிசகியது என்பதை முகச்சுளிப்பிலேயே காட்டிவிடுவான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் செய்வான். மெல்லிய செம்புக் கம்பிகளைச் சடை பின்னுவதுபோலப் பின்னி, உறை மாட்டி, முனையில் பளபளவென்று பிளக் வைப்பான். அவளுடைய ஸ்பீக்கருக்கென்றே ஒரு ஜோடி பின்னிக்கொண்டிருந்தான்.

அது தெரியாமல் அவள் கணவர் முந்திக்கொண்டார். கணக்கு வாத்தியார். சுவரோரமாக நூல் பிடித்து அளந்து, ஹார்டுவேர் கடையில் சாதாரண இரட்டை ஒயர் வாங்கி வந்து, சிவப்புக் கோடு போட்ட இழையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மற்றதைக் கறுப்பு முனையிலும் முறுக்கிவைத்தார். செய்ததை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார். அதற்குள் சுருதி போன் செய்து, தான் வருகிறவரை ஒரு பாட்டுகூடப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கண்ணை மூடிக் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றான். தான் அங்கே இருந்தால் தனக்காகச் சாய்ந்து சொல்லிவிடுவாள் என்று கணவர் டீ போடப் போனார். சுருதி ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் குனிந்து தன் கேபிளையும் மாட்டினான். இரண்டு ஜோடியும் ஸ்பீக்கரில் இருந்தன. ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் மாற்றி மாற்றிச் சொருகினால் போதும்.

“ஒண்ணு,” என்றான். பாடகி எங்கோ சுவருக்கு வெளியே நின்று பாடுவதுபோல் இருந்தது. டிரம் ஓசையில் அடிவயிறே இல்லை. “ரெண்டு.” குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து ஆளாக நின்றது. மூன்று தடவை மாற்றினான். மூன்று தடவையும் அப்படியே. இரண்டாவதுதான் என்று அவள் யோசிக்காமல் சொன்னாள்.

“மாப்ள, கோவிச்சுக்காதீங்க,” என்றான் சுருதி, டீயோடு வந்தவரிடம்.

அவளும் சும்மா இருக்கவில்லை. “நீங்க வாங்கினது ஒயரா, துணி காயப்போடுற கொடியா?” என்றாள். கணவரும் சிரித்தார். தன் ஒயரைத் தானே கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். அவள் பார்க்கிற எல்லாரிடமும் அண்ணனின் கேபிளைப் பற்றிப் பேசிப் பேசி, கூட வேலை செய்யும் டாக்டர்கள் இரண்டு பேரை அவனிடம் வாங்க அனுப்பினாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு விடுமுறை நாளில் வீடு பெருக்கும்போது துடைப்பம் மாட்டி ஒரு பிளக் கேபிளிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. சுருதி வெளியூரில் இருந்தான். அவன் வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று பரணிலிருந்த ஒயரை எடுத்து மாட்டி, அதே பாட்டைப் போட்டாள்.

குரல் நடுவில் நின்றது.

சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். எந்தக் குறையும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சந்தேகத்தில், இடது ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றினாள். அப்படி மாற்றினால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகி சுவருக்கு வெளியே போய்விட்டாள். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்.

கணவர்தான் தப்பாக மாட்டியிருப்பார் என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டாள். அவர் பேனாவை மூடினார். அன்றைக்குக் கழற்றும்போதே பார்த்ததாகச் சொன்னார். இடது பக்கம் மட்டும் சிவப்புக் கோடு கறுப்பு முனையில் இருந்ததாம். தான் மாட்டியது அப்படியில்லை என்றார்.

“ஏங்க அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப? நான்தான் மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லியிருப்ப.”

சற்று முன் அவள் நினைத்ததும் அதுதான்.

சுருதி ஊர் திரும்பியதும் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அவசரத்தில் மாறியிருக்கும் என்றான் அவன்.

“அந்த ஒயரோட ஸ்பீக்கர் பக்கத்த நீ தொடவே வேண்டியதில்லயே அண்ணா. உன் பிளக்கச் சொருகத் தனி ஓட்டை இருந்துச்சு.”

அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாத்தாம விட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?” என்றான் கடைசியில்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லியிருப்பேன்.”

“அதான். அத உன் வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல.”

“சொல்லிட்டு, நீ பின்னினதத்தான் மாட்டியிருப்பேன்.”

அவளுக்குக் கேபிள் பெரிதாகப் படவில்லை. அவன் சொன்னான் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை மூன்று தடவை எதிரில் நின்று பார்த்திருக்கிறான். ஏமாறுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். நான்காவது முறையாவது “இரு, தப்பாயிடுச்சு” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

டாக்டர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, தன் காதுதான் தப்பாகக் கேட்டுவிட்டது என்றாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை. கணவர் பழைய ஒயரைச் சுவரோரம் மறுபடி பதித்தார். ஜெயித்த முகம் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பாட்டுப் போட்டால் இப்போதெல்லாம் அவள் பாட்டைக் கேட்பதில்லை. குரல் எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

சில வாரம் கழித்து அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலி. சுருதிதான் கிளினிக்குக்கு அழைத்து வந்தான், வெளியே உட்கார்ந்துகொண்டான். நாற்காலியில் சாய்ந்ததுமே அண்ணி ஆரம்பித்தாள். “வீட்டுப் பக்கமே வர்றதில்ல. அண்ணன்கூட ஏதாவது மனஸ்தாபமா?”

“வாயை நல்லாத் திறங்க அண்ணி.”

பல்லை அடைத்து முடிக்க நேரமானது. அண்ணிக்கு உதடு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. கண்ணால் மட்டும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். சுருதி எழுந்து நின்றான்.

மரத்துப்போனது தெளிகிறவரை சூடாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.