வளையம் இல்லாத சனி

சனி கிரகத்துக்கு வளையம் இல்லை என்று நான் புளுகுகிறேனாம். எங்கள் குகட்பள்ளிக் குடியிருப்பின் செயலாளர் அனந்தகிருஷ்ணன், நூற்றிருபது வீட்டுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்: "இது போலிப் படம். பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்."

அந்தப் போலிப் படத்தை நான் எப்படி எடுத்தேன் தெரியுமா? நவம்பரில் பதினேழு நாள், அலுவலகம் விட்டு வந்ததும் டெலஸ்கோப்போடு நேரே மொட்டை மாடி. பகல் வெயிலில் காய்ந்த தளம் ஆறாவிட்டால் திரையில் சனி நெளிந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிட வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் நெளியாதவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு படம் தேறும். பதினேழாம் நாள் தேறியது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் வெங்கட், "சுபா, கோடு! கோடு தெரியுது!" என்று எழுந்தே விட்டார்.

ஆமாம், கோடுதான். பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை சனியின் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டித் திரும்பிவிடும். சாப்பாட்டுத் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்தால் ஓரம் மட்டும்தானே தெரியும்? இதையெல்லாம் படத்துக்குக் கீழே எழுதி, 'சுபாஸ்ரீ, பி பிளாக்' என்று பெயரும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். அந்த மனிதர் அதைக் கிழித்துவிட்டு, இணையத்தில் இறக்கிய அகல வளையச் சனியை ஒட்டிவிட்டார். குழுவில் அதற்கு அறுபத்து மூன்று கட்டைவிரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பிடித்த சனி வானத்தில் இல்லை, ஏ பிளாக் இரண்டாம் மாடியில் இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன்.

"வந்து உங்க கண்ணால பாருங்க சார். பாத்துட்டு, தப்பா எழுதிட்டேன்னு குரூப்புல ஒரு வரி போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"காதுல பூ சுத்தாதேம்மா. செகந்திராபாத் ஸ்கூல்ல முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவன் நான். ஹவ், வரேன், பாத்துடலாம்." 'ஆமாம்' என்பதற்கு அவர் வாயில் வருவது உள்ளூர் 'ஹவ்'தான்.

அன்று மாலையே மஃப்ளர் சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். நானும் வெங்கட்டும் பக்கத்தில் நின்றோம்.

"வளையமே இல்லையேம்மா."

"குறுக்கால ஒரு கோடு தெரியுதுங்களா?"

"ஹவ், தெரியுது. லென்ஸுல கீறல்." எழுந்துகொண்டார். "டெலஸ்கோப்பு ரிப்பேர். நீ வேணும்னு பொய் சொல்லலை. போகட்டும்."

என்னை மன்னித்துவிட்டார்! நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட் முந்திக்கொண்டார்.

"இருக்குமுங்க சார். சர்வீசுக்குக் குடுத்துப் பாக்கறோம்."

செயலாளர் படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவர் கைபேசிகளும் ஒலித்தன. 'பிரச்சினை தீர்ந்தது. டெலஸ்கோப் பழுது.' அதற்கு விழுந்த முதல் கட்டைவிரல் வெங்கட்டுடையது. என் பக்கத்தில் நின்றுகொண்டேதான் போட்டார்.

"எதுக்கு சுபா வம்பு? தினமும் மூஞ்சில முழிக்கற மனுசன்."

"அவருக்குத் தெரியலைங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் வழக்கம்போல டெலஸ்கோப்பை மடக்கி எடுத்துவைக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன்.