இடப்பக்கம் வந்த வான்கோழி

நஞ்சுண்டன் துப்பாக்கியைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தீபக் போன் செய்து, "மேனேஜர் இன்னும் உசுரோடதான் இருக்கான்டா. பண்ணைக்காரர் வீடியோ அனுப்பிருக்காரு. நாளைக்குப் போலாமா?" என்று கேட்டான்.

மேனேஜர் என்பது ஒரு காட்டு வான்கோழிச் சேவல். அவர்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரில் இருந்து மேற்கே மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு பண்ணையின் ஓடைக்கரையில் அது திரிந்தது. நெஞ்சில் சாண் நீளத்துக்குத் தாடி. வசந்தம் பிறந்தால் இருவரும் வார இறுதிகளில் அதைத் தேடிப் போவார்கள். தூரத்தில் கொக்கரிக்கும், மரங்களுக்கு நடுவே விசிறி போல வால் விரிவது தெரியும், துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு மட்டும் வராது. எந்த மீட்டிங்குக்கும் சொன்ன நேரத்துக்கு வராத ஆள் என்று தீபக்தான் அந்தப் பெயரை வைத்தான். இருவருக்கும் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். ஆனால் பழக்கமானது டெக்சாஸில், ஒரே ஆபீசில்.

மூன்றாவது வசந்தத்தில்தான் அது நடந்தது. ஆளுக்கொரு பக்கம் உட்காருவது, எக்காரணம் கொண்டும் எழுந்து நடக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். இரண்டு மணி நேரம் பொறுத்த நஞ்சுண்டனுக்குப் பெட்டைக்கோழி கூப்பிடுவது போல ஒரு சத்தம் கேட்டது. பெட்டை இருந்தால் சேவலும் பக்கத்தில் இருக்கும் என்று எழுந்து நடந்தான். புதருக்குப் பின்னால் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக ஏதோ அசைந்தது. வான்கோழியின் தலைக்கும் அதே நிறங்கள்தான். சுட்டான். அங்கே தீபக் அதே நிறங்களில் கட்டம் போட்ட கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெட்டை போலக் கூப்பிட்டதும் அவன் மடியில் இருந்த, மூடியை இழுத்து உரசினால் கோழி போலக் கத்தும் மரப்பெட்டிதான்.

ரவைகள் கன்னத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. இடது கண் போய்விட்டது. வேட்டைத்துறை அதிகாரி ஒருவர் வந்து தூரத்தை அளந்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் தீபக் சொன்ன முதல் வார்த்தை, "விடுடா, தெரிஞ்சா பண்ணுன." அன்றிலிருந்து தீபக்கின் மனைவி வான்மதி நஞ்சுண்டனிடம் பேசவே இல்லை. நஞ்சுண்டன் தன் துப்பாக்கியை விற்றுவிட்டான்.

"நான் வர்றேன். ஆனா துப்பாக்கி நீ மட்டும் வெச்சுக்க," என்றான் இப்போது.

"சரி. நீ பொட்டிய வெச்சுக் கூப்புடு, போதும்."

சனிக்கிழமை விடியும்போது ஓடைக்கரையில் ஒரு பெரிய ஓக் மரத்தடியில் இருந்தார்கள். சரிவு முழுக்க நீலப் பூக்கள் பனியில் நனைந்து கிடந்தன. தீபக் மரத்தில் சாய்ந்து முட்டியின் மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டான். நஞ்சுண்டன் அவனுக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் உட்கார்ந்தான். வரும் வழியில் ஊர்க்கதை, கிரீன் கார்டு, பிள்ளைகளின் ஸ்கூல் என்று ஓயாமல் பேசிய தீபக், உட்கார்ந்ததில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பனி இன்னும் விலகாத குளிரில் அவன் பிடரி வியர்த்திருந்ததை நஞ்சுண்டன் பார்த்தான். பறவைக்காகத்தான் இந்தப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டியின் மூடியை மெல்ல இழுத்தான். ஓடைக்கு அப்பால் கொக்கரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இழுத்தான். பதில் இல்லை. முக்கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, சத்தமே இல்லாமல், இடப்பக்கப் புதர்களை விலக்கிக்கொண்டு மேனேஜர் வெளியே வந்தான்.

இருபது தப்படிகூட இருக்காது. வெயில் பட்டு இறகுகள் செம்பு போலவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னின. தலையைச் சாய்த்து, கூப்பிட்ட பெட்டை எங்கே என்று தேடியது. இவ்வளவு கிட்டத்தில் அதை நஞ்சுண்டன் பார்த்ததே இல்லை.

தீபக் நேரே ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது. அந்தப் பக்கம் இருப்பது கண்ணாடிக் கண். வாயைத் திறந்தால் பறவை ஓடிவிடும். இந்த ஒன்றையாவது அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றியது. கையை நத்தை போல நகர்த்தி, விரல் நுனியால் தீபக்கின் இடது தோளைத் தொட்டான்.

தீபக் அலறிக்கொண்டு குப்புற விழுந்தான். துப்பாக்கி புல்லில் உருண்டது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, "சுடாதடா, நான்தான்டா, சுடாத," என்றான்.

சிறகடிக்கும் சத்தம் ஓடையைத் தாண்டிப் போனது. அதை இருவருமே பார்க்கவில்லை.

நஞ்சுண்டன் வெறும் கைகளை விரித்துக் காட்டினான். தீபக் முகத்தில் இருந்து கையை எடுக்கவே வெகு நேரம் ஆனது. எழுந்து உட்கார்ந்து, சட்டையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. லெஃப்ட்ல."

"ம்."

"தீபக்..."

"உம்மேல கோவம் இல்லடா. சத்தியமா இல்ல. உன்னக் கூட்டிட்டு வந்து ஒக்காந்தா இந்தப் பயம் போயிரும்னு நெனச்சேன். நீ பின்னாடி இருக்கறது தெரிஞ்சதுல இருந்து எனக்கு மூச்சே விட முடியல." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ துப்பாக்கி கொண்டுவரலன்னு தெரியும். தெரிஞ்சும் ஒடம்பு கேக்கல."

நஞ்சுண்டன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது; அதுவும் கிடைத்தாகிவிட்டது.

திரும்பும்போது தீபக் பின்சீட்டில் படுத்துக்கொண்டான். நஞ்சுண்டன் வண்டியை ஓட்டினான்.

மறுநாள் மதியம் வான்மதி போன் செய்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறை.

"ஏனுங்ணா, அங்க என்ன ஆச்சுங்க?"

அவன் நடந்ததைச் சொன்னான்.

"நீங்க வந்துட்டுப் போனா அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வர்றதில்லைங்க. தீபாவளிக்கு வந்தப்பவும் இப்படித்தான். உங்ககிட்டச் சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு என்னையும் சொல்ல விட மாட்டேங்கறாரு." என்றாள் வான்மதி. "அவரு மறுபடி கூப்புடுவாருங்க. கூப்புடலைன்னா நீங்க தப்பா நெனப்பீங்கன்னு கூப்புடுவாரு. நீங்க வராதீங்கண்ணா."

இத்தனை நாளும் அவள் தன்னை வெறுக்கிறாள் என்றே அவன் நினைத்திருந்தான்.

"சரிம்மா," என்றான்.

மே மாதம் வேட்டை சீசன் முடியும் வாரத்தில் தீபக் கூப்பிட்டான். ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, சனி ஞாயிறும் வேலை என்று நஞ்சுண்டன் சொன்னான்.

"அப்படியா," என்றான் தீபக். அவன் மூச்சு இளகி வெளியே வந்தது போனில் தெளிவாகக் கேட்டது. "பரவால்லடா. வேலையப் பாரு."