கொதிக்காத சட்டி

லோஜினி படித்த விஞ்ஞானம் இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு வேலையும் வாங்கித் தரவில்லை. ஒரு பெட்டியைச் செய்யத்தான் உதவியது. மஸ்கெலியா மீன்கடையில் கேட்டு வாங்கிய, ஐஸ் மீன் வரும் வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டி அது. எத்தனை தரம் கழுவியும் மீன் வாடை போகவில்லை. உள்ளே பழைய கம்பளியைச் சுற்றி, கொதித்த சட்டியை மூடியோடு இறக்கி, இறுக்கி அடைத்துவிட்டால் போதும். அடுப்பில்லாமல் கறி தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பருப்பு வெந்தது. உருளைக்கிழங்கு வெந்தது. கேஸ் மிச்சம், விறகுக்கு மலையேறும் வேலையும் மிச்சம்.

"கெம்பஸ் போயி நாலு வருஷம் படிச்சது மீன்பெட்டிக்கு கம்பளி போத்தத்தானாடி?" என்று பக்கத்துக் காம்பரா ஜெரோமி கேட்டாள். ஜெரோமி கேட்டால் வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகள் எல்லாமே கேட்ட மாதிரி.

லோஜினியின் அம்மா ஆரோக்கியத்துக்கு அது பொறுக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பெட்டிக் கறியத்தான் மலைக்கு கொண்டாரப் போறேன். தின்னு பாத்துட்டு வாயத் தொறங்க" என்று கூடத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் சாப்பிட அழைத்துவிட்டாள்.

அதனால்தான் நேற்று பெரிய சட்டி ஏறியது. சிவப்புப் போஞ்சிக் கொட்டை, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கறுவா. பாண் துண்டைத் தொட்டுச் சாப்பிடக் கெட்டியான ஸ்டூ. சட்டியின் ஓரத்தில் முதல் குமிழிகள் கிளம்பிய நேரம் பார்த்து கேஸ் தீர்ந்தது. பரவாயில்லை, மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று லோஜினி சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். காலையில் திறந்தபோதும் ஆவி வந்தது. கொட்டை மெத்தென்று நசுங்கியது. அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு உப்புப் பார்த்து, "சாதிச்சிட்டடி" என்று சொல்லி, மூடியைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள்.

சட்டியைத் திறந்த வீடியோவை லோஜினி போனில் போட்டிருந்தாள். பதினொன்றரைக்கு அதன் கீழே முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள்: 'சிவப்புக் கொட்டையைப் பெட்டியில் வைக்கமுன் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்தீர்களா? இல்லாவிட்டால் அது விஷம்.'

முதலில் கோபம்தான் வந்தது. எதைச் செய்தாலும் குறை சொல்ல ஒரு ஆள் வந்துவிடும். பதிலுக்கு ஒரு வார்த்தை எழுதலாம் என்று தேடிப் பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், இன்னொன்று பார்த்தாள், மூன்றாவதும் பார்த்தாள். எல்லாம் ஒன்றையே சொன்னது. கொதி வராத சூட்டில் கிடந்த கொட்டை பச்சைக் கொட்டையைவிடவும் மோசமாகலாம். ஒரு மணித்தியாலத்திலோ மூன்று மணித்தியாலத்திலோ வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும்.

ஓரத்தில் கிளம்பிய அந்த நாலு குமிழிதான் கண்முன் நின்றது. பன்னிரண்டு மணிக்கு மலையில் சாப்பாடு. அம்மா கொழுந்து எடுக்கும் பத்தாம் நம்பர் மலைக்கு ஏற எப்படியும் அரை மணித்தியாலம். அம்மாவின் போன் யன்னலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி அழகுமுத்துவின் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"மாமா, நான் லோஜினி. அம்மா கொண்டாந்த சட்டிய யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க."

"ஏன் பிள்ள, உப்பு கூடிப்போச்சா? இங்க எல்லாம் இப்பவே கோப்பைய தூக்கிட்டாளுக."

"உப்பு இல்ல மாமா. அது..."

நான் பிழை விட்டுவிட்டேன். இந்த மூன்று சொல்லைச் சொன்னால் போதும். இந்த லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். முதல் ஆள் சறுக்கினால் அது ஒருத்தியோடு முடியாது. பொட்டப்பிள்ளையைப் படிக்க வைத்து என்னத்தைக் கண்டோம் என்று இன்னும் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கொப்பியை மூடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்படித்தான் அவள் பிறகு தனக்கு நியாயம் சொல்லிக்கொண்டாள். அந்த நொடியில் கண்ணுக்குத் தெரிந்தது ஜெரோமியின் சிரிப்பு மட்டும்தான்.

"பல்லி விழுந்திருச்சு மாமா."

"அய்யய்யோ!" என்றார் அழகுமுத்து. பிறகு போனைக் காதில் வைத்தபடியே கத்தியது கேட்டது. "அடியேய், வைங்கடி கீழ! சட்டியில பல்லியாம்!" அதோடு சிக்னல் போனது.

அவ்வளவுதான். பொய் எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது! பல்லி விழுந்த சாப்பாட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். லோஜினி வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். இரண்டாம் மூச்சு விடும்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. மூடியைத் துணியால் கட்டியது அம்மாவின் கை. இந்த லயத்தில் சாவுவீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூப்பிட்டுப் போய்ச் சமைக்கச் சொல்கிற கை. அதில் பல்லி என்றால் ஆரோக்கியம் நம்புவாளா? சும்மா இருப்பாளா?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். குறுக்குப் பாதையில் தேயிலை முழங்காலைக் கீறியது. சறுக்கி விழுந்தாள், எழுந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மாதாவைக் கூப்பிட்டாள். பொய் சொன்ன வாயால் கூப்பிடுகிறோமே என்று அதற்கும் பயந்தாள்.

மலையில் பெண்கள் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக வட்டமாக நின்றார்கள். நடுவில் சட்டி. சட்டிக்குப் பக்கத்தில் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெறும் கோப்பை. துடைத்துத் தின்ற கோப்பை.

"வாடியம்மா," என்றாள் ஜெரோமி. "மூடி போட்டு, துணி கட்டி, கம்பளி போத்தி, பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருந்தியே. அதுக்குள்ள எப்புடி போச்சு பல்லி? உங்க வீட்டு பல்லியும் கெம்பஸ் போச்சா?"

"சட்டியதான் கழுவாம வெச்சிருப்பா," என்றாள் பின்னால் ஒருத்தி.

"யாரடி சொன்னது?" அம்மா கரண்டியால் சட்டியைக் கிண்டிக் கிண்டிக் காட்டினாள். "பாருங்க, நல்லா பாருங்க! வாலு இருக்கா, காலு இருக்கா? நானே ஒரு கோப்பை தின்னுட்டேன். இந்தா நிக்கிறாளே டெல்சி, அவளும் என்னைய நம்பி அரைக் கோப்பை தின்னா. எங்களுக்கு என்ன ஆச்சு?" லோஜினியைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "சொல்லுடி. எவ சொன்னா உனக்கு பல்லின்னு?"

"பல்லி இல்லம்மா."

"கேட்டீங்களாடி!" அம்மா துள்ளி எழுந்தாள். "பல்லி இல்லையாம்! எடுங்க கோப்பைய!"

பசியோடு நின்றவர்கள். காலை ஏழு மணியிலிருந்து கொழுந்து பறித்தவர்கள். சொல்லி முடிக்கமுன் நாலைந்து கோப்பைகள் சட்டிக்கு நீண்டன. முதல் கரண்டி ஜெரோமிக்கு.

"தொடாதீங்க!"

லோஜினி சட்டியைப் பிடுங்கிக் கானுக்குள் கவிழ்த்தாள். சிவப்புக் கொட்டைகள் சேற்றுத் தண்ணீரில் உருண்டு போயின. இந்த விலைவாசியில் அவ்வளவு சாப்பாட்டைக் கொட்டியவளை எந்த வார்த்தையால் திட்டுவது என்று பெண்களுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"கொட்டை சரியா கொதிக்கல்ல. நான்தான் கேஸ் முடிஞ்சோன எறக்கி வெச்சேன். அது வெந்த மாதிரி இருக்கும், ஆனா விஷம். எனக்கு தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் பல்லின்னு சொன்னேன்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷம் என்ற சொல் அவளுக்கு எட்டியதாகவே தெரியவில்லை.

"உன் வெக்கத்துக்கு என் சட்டியில பல்லிய போட்டியா?" என்றாள். அதற்குப் பிறகு லோஜினியோடு பேசவில்லை.

அழகுமுத்துதான் கொழுந்து லொறியை மறித்து அம்மாவையும் டெல்சியையும் ஏற்றிவிட்டார். லோஜினி பின்னால் ஏறிக்கொண்டாள். அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வியர்க்கிறதா? உதடு வெளுக்கிறதா? அம்மா கையைத் தொடவிடவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே ஆகவில்லை. ஒருவேளை எல்லாம் வீண் பயமோ, கொட்டை உண்மையிலேயே வெந்துதான் இருந்ததோ என்று லோஜினி நினைக்கத் தொடங்கிய நேரம், டெல்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளை விட இரண்டு பங்கு தின்ற அம்மாவுக்குப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கியது. தொடங்கிய பிறகு நிற்கவில்லை. பேசின் நிறைந்தது. கழுவி வந்தார்கள், மறுபடி நிறைந்தது. இவ்வளவு சின்ன உடம்பா அம்மாவுக்கு என்று லோஜினிக்குப் பயம் பிடித்தது.

மருந்துக்காரர் சேலைன் ஏற்றினார். இன்னும் மூன்று நாலு மணித்தியாலத்தில் தானாகத் தணியும், தண்ணீர் குறையாமல் பார்த்தால் போதும் என்றார். வேலை விட்டு வந்த பெண்கள் அதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர்களுக்கு மலையில் நடந்தது தெரியும். பின்னால் நின்றவர்கள் மற்ற மலைகளில் இருந்து பல்லிக் கதையைக் கேட்டு வந்தவர்கள்.

"பல்லி விழுந்த சாப்பாடு, அப்படித்தானே?" மருந்துக்காரர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தார்.

"இல்ல சேர்," என்றாள் லோஜினி. தனக்கே கேட்காத குரலில் சொன்னாள். "போஞ்சிக் கொட்டை. சரியா வேகல்ல."

அம்மா பேசினிலிருந்து தலையைத் தூக்கினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"சத்தமா சொல்லு."

"அம்மா, நீங்க படுங்க. பேச வேணாம்."

"பல்லின்னு நீ சொன்னது தோட்டம் முழுக்க கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்."

லோஜினி வாசல் பக்கம் திரும்பினாள். அத்தனை முகம். பின் வரிசையில் பள்ளிக்கூட உடுப்போடு சில பிள்ளைகளும் நின்றார்கள்.

"எங்கம்மா சட்டியில ஒண்ணுமே விழல்ல," என்று கத்தினாள். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. "அம்மா சமைக்கவே இல்ல. சமைச்சது நான். படிச்சவதான், ஆனா இது எனக்கு தெரியல்ல. பொய் சொன்னதும் நான்."

ஜெரோமி பின்னால் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப எழுதுங்க சேர்," என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம் மறுபடி பேசினுக்குக் குனிந்தாள்.